எவரும் சுமையல்லர்: கருணைக்கொலைச் சட்டமும் நமது விசுவாசமும்



பிப்ரவரி 11, தூய லூர்து அன்னையின் நினைவு நாள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்தியபடி, 1993 முதல் திருஅவை இந்நாளை உலக நோயாளர் நாளாகவும் சிறப்பித்து வருகிறது. அன்று நம் ஆலயங்களில் நோயாளருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். முதியோருக்கும் நோயுற்றோருக்கும் நோயில்பூசுதல் அருளடையாளம் வழங்குகிறோம். அந்நாளையொட்டி இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது சற்றுக் கடினமான பொருள்: கருணைக்கொலை.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என எந்தப் பங்கில் பணிபுரிந்தாலும், வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் அருள்பணியாளர்களாகிய நாங்கள் மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். முதல் கேள்வி படுக்கையிலிருந்து வருகிறது: "ஆண்டவர் என்னைச் சீக்கிரம் எடுத்துக்கணும்னு செபிங்க ஃபாதர். இவங்களுக்கு இன்னும் எத்தனை நாள்தான் பாரமா இருக்கிறது?" இரண்டாவது கேள்வி, நம்மை வாசல்வரை வழியனுப்ப வரும் மகனிடமிருந்தோ மகளிடமிருந்தோ தாழ்ந்த குரலில் வருகிறது: "மெஷினை எடுத்துடலாமான்னு டாக்டர் கேட்கிறார். சரின்னு சொன்னா பாவமா ஃபாதர்?" மூன்றாவது கேள்வியை இளையோர் கேட்கிறார்கள்: "நமக்கு அது பாவம். சரி. ஆனா நம்ம மதம் சொல்றதை ஊருக்கெல்லாம் சட்டமாக்கணும்னு நாம எப்படிக் கேட்க முடியும்?"

மூன்றும் நேர்மையான கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்விக்கு விவிலியத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியாவைச் சந்திக்கிறோம். கர்மேல் மலையில் வெற்றி பெற்ற அதே எலியா, ஈசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்திற்கு ஓடி, ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரிடம் மன்றாடுகிறார். ஆண்டவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். "இப்படிக் கேட்கலாமா, இது பாவம் அல்லவா" என்று அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் கேட்ட சாவையும் கொடுக்கவில்லை. வானதூதர் வந்து அவரைத் தட்டி எழுப்புகிறார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா உண்கிறார், குடிக்கிறார், மறுபடியும் படுத்துவிடுகிறார். தூதர் இரண்டாம் முறையும் வருகிறார். பயணம் நெடியது, உனக்குப் பலம் வேண்டும் என்கிறார்.

சாக வேண்டும் என்று கேட்பவரிடம் கடவுள் நடந்துகொள்ளும் முறை இது. உணவு, தண்ணீர், உறக்கம், தொடுகை, மீண்டும் ஒருமுறை வந்து பார்ப்பது. "எனக்குச் சாவு வரட்டும்" என்ற சொல்லுக்குள் பெரும்பாலும் "எனக்கு வலிக்கிறது", "எனக்குப் பயமாக இருக்கிறது", "நான் உங்களுக்குப் பாரமாகிவிட்டேனோ" என்ற சொற்களே ஒளிந்திருக்கின்றன. அந்த வேண்டுதலைப் பாவமாக எண்ணி நோயாளியை அதட்டுபவரும் அவரைக் கேட்கவில்லை. அப்படியே எழுத்துப்படி நிறைவேற்றி வைப்பவரும் அவரைக் கேட்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மகனும் மகளும் வாசலில் கேட்கும் கேள்வி. இதில் நம் மக்களிடையே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. உயிர் இருக்கும்வரை எல்லாக் கருவிகளையும் பொருத்தி, எல்லா மருந்துகளையும் ஏற்றி, வீட்டை விற்றாவது சிகிச்சை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பாவம் என்று பலர் நினைக்கிறார்கள். திருஅவை ஒருபோதும் அப்படிப் போதித்ததில்லை.

1957 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருந்தியல் மருத்துவர்களிடம் உரையாற்றும்போதே இதைத் தெளிவாக்கினார். உயிரையும் நலத்தையும் பேணச் சாதாரணமான வழிகளைக் கையாளும் கடமை நமக்கு உண்டு. பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளும் கடமை இல்லை என்றார். 1980 மே 5 அன்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையும், கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 2276 முதல் 2279 வரையுள்ள எண்களும் இதையே விளக்குகின்றன. சாவு நெருங்கிவிட்ட நிலையில், பயனை மிஞ்சிய வேதனையைத் தரும் சிகிச்சையை நிறுத்துவது கொலை அல்ல. சாவைத் தடுக்க நம்மால் இயலாது என்பதை ஏற்றுக்கொள்வதே ஆகும். கடும் வலியைத் தணிக்க மருந்து கொடுக்கலாம். வலியைத் தணிப்பதே நோக்கமாக இருக்கும்போது, அம்மருந்து வாழ்நாளைச் சற்றுக் குறைத்துவிடக்கூடும் என்றாலும் கொடுக்கலாம். தேவையானால், நோயாளியின் இசைவோடு, தாங்க முடியாத வேதனையின்போது அவரை ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கவும் செய்யலாம்.

திருஅவை மறுப்பது ஒன்றைத்தான்: துன்பத்தை முடிக்கிறோம் என்ற பெயரில் துன்புறுபவரையே முடிக்கும் செயலை. சாவை வரவழைக்கும் நோக்கத்தோடு ஊசி போடுவதும், அதே நோக்கத்தோடு தேவையான பராமரிப்பை நிறுத்துவதும் இதில் அடங்கும். உணவும் தண்ணீரும் சிகிச்சை அல்ல, பராமரிப்பு. ஆகவே உடல் ஏற்கும்வரை, அது பயன் தரும்வரை, அவற்றை மறுக்கக்கூடாது என்பது நம் போதனை.

எனவே, ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஏதோ ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்து, இனிப் பயனில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, "வென்டிலேட்டர் வேண்டாம், அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்" என்று கையெழுத்திட்ட பிள்ளைகளே, நீங்கள் கொலை செய்யவில்லை. பல ஆண்டுகளாக இந்தப் பாரத்தை மனத்தில் சுமந்துகொண்டு திரிபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதை இன்று இறக்கி வையுங்கள். உங்கள் தந்தையை நீங்கள் கைவிடவில்லை. அவரை ஆண்டவரின் கையில் ஒப்படைத்தீர்கள்.

நம் நாட்டுச் சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 1996இல் கியான் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் நாட்டையே உலுக்கியது அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அவர் 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாத நிலைக்குப் போனார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்தி, அமைதியாக இறக்க அனுமதிக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அந்த மருத்துவமனையின் செவிலியர்கள் எதிர்த்தார்கள். அருணாவை அவர்கள் பல பத்தாண்டுகளாகக் குளிப்பாட்டி, கூழாக்கிய உணவை ஊட்டி, பராமரித்து வந்தார்கள். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் அம்மனுவை ஏற்க மறுத்தது. ஆனால் மிகக் கடுமையான கட்டுப்பாடுகளுடன், உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளும் வழியை முதன்முறையாகத் திறந்தது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் இயல்பாக இறந்தார்.

2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு கண்ணியத்துடன் இறக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. இனித் தேறும் நம்பிக்கை இல்லாத நிலையில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுதி வைக்கலாம் என்றும் அது கூறியது. இதைத்தான் 'லிவிங் வில்' என்கிறார்கள். 2023 ஜனவரியில் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். பின்னர் அந்நிலை வரும்போது, மருத்துவமனையின் முதல் மருத்துவக் குழுவும், மாவட்டச் சுகாதார அதிகாரி நியமிக்கும் மருத்துவரைக் கொண்ட இரண்டாவது குழுவும் ஆராய்ந்து முடிவு செய்யும். 2025 ஜனவரி 30 அன்று கர்நாடக அரசு இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது.

ஊசி போட்டு உயிரை முடிப்பதோ, சாவதற்கு மருந்து எடுத்துக் கொடுப்பதோ இன்றும் இந்தியாவில் குற்றமே. ஆனால் வெளியுலகில் நிலைமை வேறு. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இலேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தன. கனடா 2016இல் சாவு நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 2021இல் சாவு நெருங்காத, ஆனால் தீராத நோயுற்றோருக்கும் அதை விரிவாக்கியது. உங்கள் பிள்ளைகள் டொராண்டோவிலோ ஆம்ஸ்டர்டாமிலோ வேலை பார்க்கிறார்கள் என்றால், இது அவர்களுக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. நம் நாட்டிலும் இந்தக் கோரிக்கை ஒருநாள் எழும். அப்போது நாம் என்ன பேசுவோம்?

இங்கேதான் இளையோரின் மூன்றாவது கேள்வி எழுகிறது. நம் மதநம்பிக்கையைக் கொண்டு நாட்டின் சட்டத்தை வடிவமைக்கலாமா?

முதலில், அவர்கள் கேட்பதில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்வோம். பக்கத்து வீட்டில் இருப்பவர் இந்துவாக இருக்கலாம், இஸ்லாமியராக இருக்கலாம், பெரியார் வழி வந்த இறைமறுப்பாளராக இருக்கலாம். அவரிடம் போய், "எங்கள் மறைக்கல்வியில் இப்படி எழுதியிருக்கிறது, ஆகவே நீ வலியோடு கிட" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஞாயிறு திருப்பலிக்கு வராதவருக்குத் தண்டனை வழங்கும்படி நாம் அரசைக் கேட்பதில்லை. தவக்காலத்தில் புலால் உண்பதைத் தடைசெய்யும்படி கேட்பதில்லை. அவை நம் விசுவாசத்தின் கடமைகள், மற்றவருக்கு அல்ல. அதுபோலவே, நம் துன்பங்களைச் சிலுவையின் துன்பத்தோடு இணைத்து ஒப்புக்கொடுப்பது விசுவாசிக்குக் கிடைத்த ஒரு பெரிய அருள். ஆனால் அதை எவர்மீதும் சட்டத்தால் சுமத்த முடியாது. சுமத்தினால் அது அருளாகவும் இருக்காது. நோயாளி வலியால் துடிக்கும்போது "சிலுவையை நினைத்துப் பொறுத்துக்கொள்" என்று போதித்துவிட்டு, மார்ஃபின் மாத்திரை வாங்கித் தராமல் இருப்பது கிறிஸ்தவம் அல்ல.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கொலை செய்யாதே, களவு செய்யாதே என்பவையும் பத்துக் கட்டளைகளில்தான் இருக்கின்றன. அவை மதநூலில் இருப்பதால் சட்டப்புத்தகத்திலிருந்து நீக்கிவிடுங்கள் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு கருத்து கோயிலிலிருந்து வந்ததா, ஆலயத்திலிருந்து வந்ததா, பகுத்தறிவுப் பாசறையிலிருந்து வந்ததா என்பது கேள்வி அல்ல. அதற்கான காரணத்தை எல்லாரும் எடைபோட்டுப் பார்க்கும்படி பொதுவில் வைக்க முடிகிறதா என்பதே கேள்வி.

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. உடன்கட்டை ஏறும் வழக்கத்தை 1829 டிசம்பரில் வங்காளத்திலும், அடுத்த ஆண்டு நம் சென்னை மாகாணத்திலும் ஆங்கில அரசு தடைசெய்தது. அதற்காகப் போராடிய ராஜா ராம்மோகன் ராய் ஓர் ஆழ்ந்த இறைநம்பிக்கையாளர். சாஸ்திரங்களை எடுத்துக்காட்டியே வாதாடினார். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நேர்வது என்ன என்பதை எல்லாரும் பார்க்கும்படி காட்டினார். வழக்கத்தை ஆதரித்தவர்கள் சொன்ன வாதம் என்ன தெரியுமா? "அவள் விரும்பித்தான் ஏறுகிறாள்" என்பதே. கணவன் இறந்தபின் சோறு கிடையாது, மதிப்பு கிடையாது, ஊரும் உறவும் கண்ணாலேயே தள்ளுகின்றன. அந்த நிலையில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் "விருப்பம்" எத்தகைய விருப்பம்?

அன்புக்குரியவர்களே, கருணைக்கொலையைப் பற்றி நாம் பொதுவில் வைக்க வேண்டிய காரணமும் இதுவே. இதை அறிய நாம் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் தமிழ் மண்ணே இதை அறியும். விருதுநகர் உள்ளிட்ட தென் மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்ற வழக்கம் இருந்து வந்ததைப் பற்றி 2010ஆம் ஆண்டு வாக்கில் பத்திரிகைகள் விரிவாக எழுதின. 'பாரம்', 'கே.டி. என்கிற கருப்புதுரை' ஆகிய திரைப்படங்கள் அதைத் திரைக்குக் கொண்டுவந்தன. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாவை வரவழைக்கும் வழக்கம் அது. அங்கே துப்பாக்கியும் இல்லை, கத்தியும் இல்லை. எண்ணெய், தண்ணீர், இளநீர். எல்லாமே அன்பின் அடையாளங்கள். செய்பவர்கள் பகைவர்களும் அல்லர், பெற்ற பிள்ளைகள். உறவினர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு நடந்த வழக்கம். "பாவம், இழுத்துக்கொண்டு கிடக்கிறார், சீக்கிரம் போய்ச் சேரட்டும்" என்ற இரக்கச் சொல்லும் அங்கே உண்டு.

அந்த முதியவர்களில் சிலர் தாமே சம்மதித்திருக்கவும் கூடும். மகன் கூலிக்குப் போக முடியவில்லை, மருமகள் மலம் அள்ளிச் சலித்துவிட்டாள், பேரனின் படிப்புச் செலவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பவர், "சரி, செய்யுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சம்மதத்தை நாம் உரிமை என்று அழைப்போமா?

வறுமையும் தனிமையும் கடனும் சூழ்ந்த வீட்டில், சாகும் உரிமை மெல்ல மெல்லச் சாகும் கடமையாக மாறிவிடுகிறது. சட்டம் அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டால், படுக்கையில் இருக்கும் ஒவ்வொருவரும் "நான் ஏன் இன்னும் அந்தக் கதவு வழியாகப் போகவில்லை" என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியவராகிவிடுவார். இன்று ஓர் அம்மா உயிரோடு இருப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாளை அவர் இருப்பதே அவர் எடுத்த ஒரு முடிவாக, வீட்டாருக்கு அவர் வைக்கும் ஒரு செலவாகப் பார்க்கப்படும். இதைப் புரிந்துகொள்ளத் திருமுழுக்குப் பெற்றிருக்கத் தேவையில்லை. கட்டிலில் கிடக்கும் ஒரு பாட்டியின் கண்களைப் பார்த்திருந்தால் போதும்.

"ஆனால் ஃபாதர், பணமும் பாசமும் எல்லாம் இருந்தும், தெளிந்த மனத்தோடு, உண்மையிலேயே தாங்க முடியாத வேதனையில் ஒருவர் கேட்டால்?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வேதனையை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடக்கூடாது. மருந்தால் முழுதும் தீராத துன்பங்களும் உண்டு. அவர்களைத் தீர்ப்பிடுவது நம் வேலை அல்ல. ஆனால் சட்டம் ஒருவருக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. உறுதியான குரலில் கேட்கத் தெரிந்த ஒருவருக்காகத் திறக்கும் கதவு, "இல்லை" என்று சொல்லத் தெரியாத, எழுதப் படிக்கத் தெரியாத, பிள்ளைகளை எதிர்த்துப் பேசியே பழகாத பலருக்கும் சேர்த்தே திறக்கும். இருவரையும் எடைபோட்டு, வலுக்குறைந்தவரின் பக்கம் சட்டம் நிற்க வேண்டும் என்கிறோம். நம் விசுவாசம் நமக்குக் கற்றுத் தந்தது இது. ஆனால் விசுவாசம் இல்லாதவரும் இதை ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ முடியும். இப்படிப் பேசுவதே மக்களாட்சியில் நம் உரிமையும் கடமையும் ஆகும்.

ஆனால் பேச்சு மட்டும் போதாது. தாம்பரத்தில் வாழும் நமக்கு இதைச் சொல்லித்தர ஒரு மருத்துவமனையே இருக்கிறது. 'சானடோரியம்' என்ற ரயில் நிலையத்தை நாள்தோறும் கடந்து போகிறோம். அப்பெயர் எப்படி வந்தது என்று நினைத்துப் பார்ப்பதில்லை. 1928இல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் காசநோயாளருக்காக அங்கே ஒரு சானடோரியத்தை நிறுவினார். அன்று காசநோய்க்கு மருந்தே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு, கவனிப்பு ஆகியவற்றைத் தவிர கொடுக்க வேறொன்றும் இல்லாத காலத்தில் கட்டப்பட்ட இடம் அது.

பின்னர் அதுவே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்கியது. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் எங்கும் விரட்டப்பட்ட காலத்தில், அவர்களைச் சேர்த்துக்கொண்ட இடமாகவும் ஆனது. அன்றும் அந்நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து ஏழைகளுக்கு எட்டவில்லை. "இவர்களுக்கு வாழ்ந்து என்ன பயன்" என்று ஊரே கேட்டது. நோயாளிகளில் பலரும் அதையே கேட்டுக்கொண்டார்கள். அங்கிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் கஞ்சி கொடுத்தார்கள், புண்ணுக்கு மருந்து கட்டினார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அன்று உயிரோடு காக்கப்பட்டிருந்தவர்களுக்கு அந்த மருந்து கிடைத்தது.

எல்லா நோய்க்கும் ஒருநாள் மருந்து வந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. புற்றுநோயின் கடைசி நிலையில் இருப்பவருக்கு அப்படி வாக்களிப்பது பொய்யாகும். மருந்து இல்லாதபோதும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது என்பதையே சொல்கிறோம். குணமாக்க முடியாதவரையும் கவனிக்க முடியும். இதைத்தான் அன்னை தெரசா 1952இல் கல்கத்தா காளிகாட்டில் தொடங்கிய இல்லத்தில் செய்தார். அண்டை மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய வலிநிவாரணப் பணி ஊர் ஊராகப் பரவியது. 2008இல் நாட்டிலேயே முதன்முறையாக அம்மாநில அரசு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்தது. மார்ஃபின் கிடைப்பதற்குத் தடையாக இருந்த போதைமருந்துச் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் திருத்தப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு வீடு தேடி வரும் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளன.

விசுவாசம் பொதுக்கொள்கையை வடிவமைக்கலாமா என்று கேட்டோம். இப்படி வடிவமைக்கலாம். "சாகக் கூடாது" என்று சட்டத்திடம் கேட்கும் உரிமை, "வாழ்வதற்கு நான் துணை நிற்கிறேன்" என்று சொல்பவருக்கே உண்டு. அருணா ஷான்பாக் வழக்கில் செவிலியர்களின் குரலுக்கு எடை இருந்தது ஏன்? அவர்கள் நாள்தோறும் அவர் உடலைத் துடைத்தவர்கள். அந்தக் கைகள் இல்லாத வாய் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் வெறும் ஓசைதான்.

ஆகவே நாம் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவதாக, வீட்டில் பேசுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்ற எண்ணத்தை விடுங்கள். பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே, இறுதிக் காலத்தில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எங்கே இறக்க விருப்பம், குருவானவரை எப்போது அழைக்க வேண்டும் என்று கேட்டுவையுங்கள். 'லிவிங் வில்' எழுதுவது திருஅவைக்கு எதிரானது அல்ல. உயிரை முடித்துவைக்கக் கேட்காமல், பயனற்ற, வேதனை தரும் சிகிச்சை வேண்டாம் என்று மட்டும் எழுதுவது நம் போதனைக்கு இசைந்ததே. வலிநிவாரணமும் உணவும் அருளடையாளங்களும் வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவதாக, அன்பியங்கள் வழியாகப் பராமரிப்பவரைப் பராமரியுங்கள். மேடவாக்கத்திலும் சேலையூரிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, எழுபது வயது மனைவி எண்பது வயது கணவரைத் தனியாகப் புரட்டிப் படுக்கவைக்கிறார். அவருக்குத் தேவை அறிவுரை அல்ல. வாரத்தில் இரண்டு மணி நேரம். நீங்கள் போய் உட்கார்ந்தால் அவர் மருந்து வாங்கி வருவார், திருப்பலிக்கு வருவார், அல்லது சற்றுத் தூங்குவார். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் ஏற்கெனவே இப்பணியைச் செய்கிறார்கள். அவர்களோடு இளையோரும் சேர வேண்டும். சீராக்கின் ஞான நூல் 3ஆம் அதிகாரம், தந்தையின் அறிவாற்றல் குறைந்துபோனாலும் அவரை இகழாமல் பொறுமையோடு நடந்துகொள்ளுமாறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. மறதி நோயால் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட தாய் தந்தையரை வைத்திருக்கும் குடும்பங்கள் அந்தப் பகுதியைச் சேர்ந்து வாசியுங்கள்.

மூன்றாவதாக, குடிமக்களாகக் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் நம்மிடம் வருபவர்களிடம் ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்கிறோம், கல்லறைத் தோட்டத்துக்கு இடம் கேட்கிறோம். தவறில்லை. கூடவே, நம் பகுதி அரசு மருத்துவமனையில் வலிநிவாரணப் பிரிவு எந்நாளும் இயங்குகிறதா, மார்ஃபின் கையிருப்பு உண்டா, வீடு தேடி வரும் செவிலியர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எல்லா மதத்தாருக்காகவும் கேளுங்கள். கருணைக்கொலையைச் சட்டமாக்கும் கோரிக்கை இங்கே எழும் நாளில், "எங்கள் மத உணர்வு புண்படுகிறது" என்று சொல்லாதீர்கள். "எங்கள் தெருவில் வலியோடு, தனியாக, எவரும் விடப்படவில்லை, வந்து பாருங்கள்" என்று சொல்லக்கூடிய நிலையில் இருங்கள்.

மன்றாடுவோம். கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் அகல வேண்டும் எனத் தந்தையிடம் கேட்ட ஆண்டவரே, தம் துன்பம் முடிய வேண்டும் என ஏங்கும் அனைவரையும் நீர் புரிந்துகொள்கிறீர். எலியாவுக்கு அப்பமும் தண்ணீரும் அனுப்பியது போல அவர்களிடம் எங்களை அனுப்பும். அவர்களைக் கவனித்துச் சோர்ந்துபோனவர்களுக்கு வலுவூட்டும். பிரிவின் வேளையில் எடுத்த முடிவுகளால் மனம் கலங்கி நிற்போருக்கு அமைதி தாரும். சட்டம் இயற்றுவோரும் தீர்ப்பு வழங்குவோரும் குரலற்றவர்களின் குரலைக் கேட்கச் செய்யும். தூய லூர்து அன்னையே, நோயுற்றோரின் ஆரோக்கியமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.